வந்துகொண்டிருக்கிறது

பெப்ரவரி 17, 2024, நோர்வே தூதரகம், கீவ்

கிழக்கு உக்ரேன் நகரம் அவ்தீவ்கா கையைவிட்டுப் போய்விட்டது. நள்ளிரவு தாண்டி உக்ரேன் படைத் தலைவர் சிர்ஸ்கி அறிவித்தார். தளபதிப் பொறுப்புக்கு வந்து பத்து நாள்கூட ஆகவில்லை மனிதருக்கு.

மியூனிக் பாதுகாப்பு மாநாட்டில் செக் ஜனாதிபதி பாவெல் பேசியிருக்கிறார். 155 மி.மீ. ஷெல் 5 லட்சம், 122 மி.மீ. 3 லட்சம், ஐரோப்பாவுக்கு வெளியே எங்கே கிடக்கிறது என்று தெரியும், காசு வந்தால் சில வாரங்களில் கொண்டுவந்துவிடலாம் என்கிறார். ஜெனரலாக இருந்தவர், எண்ணிக்கையோடு பேசுகிறார். மற்றவர்கள் துணை நிற்கிறார்களாம்.

பெப்ரவரி 18

டென்மார்க் தன் பீரங்கிகளை முழுக்கத் தருகிறது. மதியத்துக்குள் இன்னொரு தூதரகத்து இராணுவ அட்டாஷே போன் எடுத்தார்: "உங்கள் நாடு என்ன அறிவிக்கப் போகிறது?" என்ன அனுப்பப் போகிறது என்று கேட்டிருந்தால் நின்று கதைத்திருப்பேன்.

பெப்ரவரி 20

எல்லையில், மெதிகாவில், போலந்து விவசாயிகள் ரயில் பெட்டியைத் திறந்து உக்ரேன் தானியத்தைத் தண்டவாளத்தில் கொட்டிவிட்டார்கள். விலை விழுந்த கோபம் பொய்யில்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் இங்கே இருப்பவர்கள் 1932-33 பஞ்சத்தைப் பாட்டிமார் வாயால் கேட்டு வளர்ந்தவர்கள். எங்கள் மொழிபெயர்ப்பாளர் வீடியோவை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார். பிறகு நாள் முழுக்க வேலை விஷயம் மட்டும்தான் பேசினார்.

பெப்ரவரி 25

பாதுகாப்பு அமைச்சர் உமெரோவ் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார், மேற்கு தருவதாகச் சொன்னவற்றில் பாதி நேரத்துக்கு வருவதில்லை என்று. அதே நாள் செலென்ஸ்கி 31,000 என்றார், இறந்த படையினர். இரண்டு செய்தியும் ஒரே நாளில். யாரும் முடிச்சுப் போட்டுச் சொல்லவில்லை, தேவையும் இல்லை.

தாமதம் என்பதை எங்கள் ஆட்கள் ஒரு தேதி தள்ளிப்போவதாகவே நினைக்கிறார்கள். மார்ச்சில் வரவேண்டியது மே மாதம் வந்தால் கணக்கில் அதே எண்ணிக்கைதான், அறிக்கையில் நிரல் நேராகிவிடும். பீரங்கி ஓய்ந்த இடத்தில் அந்த இரண்டு மாதத்தை அகழியில் இருக்கிற காலாட்படைக்காரன் தன் உடம்பால் நிரப்புகிறான். ஐரோப்பிய ஒன்றியம் ஒரு வருடத்தில் 10 லட்சம் ஷெல் என்றது. அந்த வருடம் அடுத்த மாதம் முடிகிறது, பாதிதான் தேறும் என்று ஒன்றியத்தின் வெளியுறவுத் தலைவர் போரெல் ஜனவரியிலேயே சொல்லிவிட்டார். அந்த 10 லட்சத்தை நம்பி இங்கே யாரோ ஒருவர் வரைபடத்தில் கோடு போட்டிருப்பார்.

உக்ரேன் கர்னல் வந்திருந்தார். சுடும் அட்டவணை கேட்டார், மறுபடியும்: எந்த ஷெல், எந்தக் கோணத்தில், எவ்வளவு தூரம் போகும் என்பது. 155 எல்லாம் ஒன்று என்று நாங்கள் உலகத்துக்குச் சொல்கிறோம். 14 நாடுகள் அந்தத் தரத்திலிருந்து விலகும் உரிமையைக் கையில் வைத்திருப்பதாக நேட்டோவின் அட்மிரல் பவுவரே போன அக்டோபரில் சொன்னார். ஷெல் ஒரு நாட்டுடையது, உந்துமருந்துப் பை இன்னொரு நாட்டுடையது, குழல் மூன்றாவது நாட்டுடையது. சரியான அட்டவணை இல்லாவிட்டால் எங்கே விழும் என்று சுட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பார்ப்பதற்கு என்று ஷெல் கிடையாது.

மார்ச் 6

பஞ்சு. உந்துமருந்துக்கு நைட்ரோசெல்லுலோஸ் வேண்டும், அதற்குப் பருத்தி விதையில் ஒட்டிக்கிடக்கும் குறும்பஞ்சு வேண்டும், அதில் பெரும்பகுதியை ஐரோப்பா சீனாவில் வாங்குகிறது. இதைச் சொன்னால் விருந்துகளில் சிரிக்கிறார்கள். பூனைக் காணொளிகளைச் சேமித்து வைப்பதுதான் எங்கள் வளர்ச்சிக்குத் தடை என்று நோர்வே ஷெல் நிறுவனம் நம்மோவின் தலைவர் போன வருடம் சொன்னபோதும் சிரித்தார்கள். பக்கத்தில் டிக்டாக்கின் தரவு மையம், மிச்ச மின்சாரம் அதற்குப் போய்விட்டது. ஷெல் தொழிற்சாலையை விரிக்க இடம் இருந்தது, மின்சாரம் இல்லை.

மார்ச் 15

செக் திட்டத்துக்கு நாங்கள் 160 கோடி குரோனர். இன்றைக்கு நிமிர்ந்து நடந்தேன்.

மார்ச் 21

விடியற்காலை 31 ஏவுகணை, எல்லாவற்றையும் விழுத்திவிட்டார்கள். அம்மா ஒஸ்லோவிலிருந்து எடுத்தார், செய்தியில் பார்த்துவிட்டு.

"பங்கர் கிட்ட இருக்கோ மோனை?"

"நிலக்கீழ் அறை இருக்கம்மா."

"மேல கல்வீடோ? எத்தனை மாடி?"

1990இல் யாழ்ப்பாணக் கோட்டைச் சண்டை நடந்தபோது எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்வாராம். நான் என்ன வேலை செய்கிறேன் என்று அவர் விரிவாகக் கேட்டதே இல்லை. இன்று கேட்டார். "ஷெல் எடுத்துக் குடுக்கிற வேலையோ?" ஓம் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சாப்பாடு.

மார்ச் 25

பட்டப்பகல். சைரன் அடித்துக் கொஞ்சத்திலேயே வெடிச்சத்தம். பெச்செர்ஸ்கில் கலைக் கல்லூரிக் கட்டடம் போய்விட்டது.

மார்ச் 29

ஒரு தூதுக்குழு. எந்த நாடு என்று எழுதப் போவதில்லை. மிகைல் சதுக்கத்தில் துருப்பிடித்த ரஷ்ய டாங்கிகளுக்கு முன்னால் படம், சுவரில் இறந்தவர்களின் படங்களுக்கு முன்னால் மலர். தங்கள் கொடி ஒட்டிய பீரங்கி ஒன்று சுடுகிற வீடியோ கிடைக்குமா என்று கேட்டார்கள். அந்தப் பீரங்கிகளில் பாதி குழல் தேய்ந்து போலந்துப் பக்கம் பழுதுபார்க்கப் போயிருக்கிறது. அதைப் படம் எடுக்க யாரும் வருவதில்லை.

ஏப்ரல் 11

திரிபில்யா அனல்மின் நிலையம் முழுக்கப் போய்விட்டது.

ஏப்ரல் 14

இரவோடு இரவாக ஈரான் இஸ்ரேலை நோக்கி ஏவிய 300க்கும் மேற்பட்டவற்றை அமெரிக்க, பிரித்தானிய விமானங்களும் சேர்ந்து நின்று விழுத்தின. இங்கே ஏன் அப்படி நிற்கவில்லை என்றால், ரஷ்யாவிடம் அணுகுண்டு, அதனால் வேறு கதை என்று விளக்கத் தெரியும். விளக்கினேன். சரியான விளக்கம்தான். எதிரில் இருந்தவர்கள் பணிவாகத் தலையாட்டினார்கள், எனக்குத்தான் வாய் கசந்தது.

அம்மாவுக்கு வருடப்பிறப்பு வாழ்த்துச் சொல்ல மறக்கவில்லை.

ஏப்ரல் 17

திரிபில்யாவுக்கு வந்தது 11 ஏவுகணை என்று செலென்ஸ்கி சொல்லியிருக்கிறார். முதல் 7ஐ விழுத்தினார்கள். மிச்சம் 4க்கு எறிவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. நாசாம்ஸ் வான்காப்பு அமைப்பு எங்கள் சரக்கு, பெருமைதான். அது சுடும் ஏவுகணை அமெரிக்கச் சரக்கு, அந்தக் காசு இலையுதிர் காலத்திலிருந்து வாஷிங்டனில் வாக்குக்குக் காத்துக்கிடக்கிறது.

ஏப்ரல் 20

வாஷிங்டனில் உக்ரேன் உதவிக்கு வாக்கு: 311–112. தூதரகங்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கொண்டாட்டம். நானும் ஒரு கொடி போட்டேன்.

ஏப்ரல் 22

கர்னல் வந்தார். வாக்கெடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வழக்கமான நோட்டு: குழல், உந்துமருந்துப் பை, ஃபியூஸ், அட்டவணை. இரண்டாவதற்கு அடிக்கோடு. கோடைக்குள் வரும் என்று சொன்னேன். ஜூனா ஆகஸ்டா என்று கேட்டார். நாளை காலைக்குள் ஒஸ்லோவிடம் எழுத்தில் கேட்கவேண்டும், செக்காரர்களிடமும்