லீனியருக்கு புளோயர் தேடிய எட்டு மாதம்

மே மாதம், கத்திரி வெயில். காட்பாடியில் எங்கள் வீட்டு மொட்டைமாடி அறையில் மதியம் 41 டிகிரி. ஹாம் ரேடியோவில், 40 மீட்டர் அலைவரிசையில் ஒரு நண்பரோடு பேசிக்கொண்டிருந்தபோது, லீனியரின் (ரேடியோவின் சிக்னலைப் பெரிதாக்கி அனுப்பும் பெட்டி) பிளேட் கரன்ட் முள் தானாக மேலே ஏற ஆரம்பித்தது. மைக்கை விட்டுவிட்டு சுவிட்சுக்குக் கை நீட்டுவதற்குள் ஃபியூஸ் போய்விட்டது. மறுநாள் புது ஃபியூஸ் போட்டு ஹை வோல்டேஜ் கொடுத்ததும் உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். உள்ளே சிக்னலைப் பெரிதாக்கும் வெற்றிடக் குழலான வால்வின் சீல் விட்டு, வெற்றிடம் கெட்டுப்போயிருந்தது.

அது 4சிஎக்ஸ்250பி. பீங்கானும் உலோகமும் சேர்த்துச் செய்த, உள்ளங்கைக்குள் அடங்கும் வால்வு. பிளேட்டில், அதாவது ஹை வோல்டேஜ் போகும் உலோகப் பகுதியில், 250 வாட் சூடு வரை தாங்கும். ஆனால் ஒரு நிபந்தனை: பிளேட்டும் பீங்கான் ஒட்டுகளும் 250 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. தானாக ஆறும் உடம்பு அதற்கு இல்லை. மேலே நெருக்கமான தகடுகள் இருக்கின்றன. அவற்றின் நடுவே காற்றை அடித்துத் தள்ளிக்கொண்டே இருந்தால்தான் அது பிழைக்கும். நான் அந்தக் காற்றைத்தான் சரியாகக் கொடுக்கவில்லை. அடுத்த எட்டு மாதம் அதைச் சரிசெய்வதில் போனது. லீனியர் கட்டும் யாருக்காவது உதவும் என்று விவரமாக எழுதுகிறேன்.

முதலில் நான் போட்டிருந்தது கம்ப்யூட்டரில் வரும் 120 மில்லிமீட்டர் ஃபேன். அதன் கணக்கில் நிமிடத்துக்கு 80 கனஅடி காற்று. 250 வாட் சூட்டுக்கு வால்வின் டேட்டா ஷீட் கேட்பது நிமிடத்துக்கு 6.4 கனஅடி மட்டுமே. பன்னிரண்டு மடங்கு இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிட்டேன். அதே ஷீட்டில், அதே வரியில், பக்கத்துக் கட்டத்தில் இன்னொரு எண் இருந்தது. அந்த 6.4 கனஅடி வால்வுக்குள் நுழைந்து வெளியேற எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பது அது. தண்ணீர் அங்குலத்தில் கொடுத்திருந்தார்கள். அதன் பொருள் எனக்கு அப்போது புரியவில்லை, அதனால் தாண்டிப் போய்விட்டேன்.

புரியவைத்தவர் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு அண்ணன். ராணிப்பேட்டை பெல் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அனல் மின் நிலையப் பாய்லர்களுக்கு வேண்டிய பெரிய விசிறிகளைச் செய்யும் இடம் அது. ரேடியோவைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. செத்த வால்வைக் கையில் வாங்கி, தகடுகளின் வழியாக வெளிச்சத்தைப் பார்த்தார்.

"தம்பி, இந்த எண்பது எங்க எடுத்த நம்பர்? ஃபேனுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லாம, வெறும் காத்துல சுத்தவிட்டு எடுத்தது. நீ இதைப் போய் அதும்மேல உக்கார வெச்சா அந்த ஃபேனு முக்கும், காத்து போவாது. என்னா பிரஷர்ல என்னா காத்துன்னு கர்வ் இருக்கும், அதைப் பாரு."

இறக்கை வைத்த ஃபேனுக்குத் திறந்த இடத்தில் நிறையக் காற்றைத் தள்ளத் தெரியும். எதிர்ப்பு வந்தால் துவண்டுவிடும். அணில் கூண்டு மாதிரி சக்கரம் வைத்த புளோயர் அப்படியல்ல. காற்றை நடுவில் இழுத்து, சுழற்றி, ஓரத்தில் ஒரு வாய் வழியாக அடிக்கும். அளவு குறைவாக இருந்தாலும் அழுத்தம் இருக்கும். 4சிஎக்ஸ்250பி போலத் தகடு வைத்த வால்வுகளுக்கு இந்த இரண்டாவது வகைதான் சரி. 3-500இசட் போன்ற கண்ணாடி வால்வுகளின் கதை வேறு. அதன் பிளேட் சிவந்து, சூட்டைக் கண்ணாடி வழியாகத் தானே வெளியே வீசிவிடும். அடியில் இருக்கும் பின்களையும் உச்சியில் இருக்கும் சீலையும் ஆற்றினால் போதும். அதற்கு 13 கனஅடி, அழுத்தம் மிகக் குறைவு. நல்ல சாதா ஃபேனே சமாளிக்கும். 811ஏ என்ற கண்ணாடி வால்வு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையே வேண்டாம்.

சரி, அழுத்தத்தை எப்படி அளப்பது? இதுதான் இந்த முழு வேலையிலும் எனக்குக் கிடைத்த பெரிய விஷயம். கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கும் தெளிவான பிளாஸ்டிக் டியூப் ஒரு மீட்டர் வாங்கினேன். பலகையில் 'ப' எழுத்தின் வடிவில் வளைத்துக் கட்டி, பாதிக்கு நீலம் கலந்த தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு ஸ்கேலை ஒட்டினேன். ஒரு முனையை வால்வின் சாக்கெட் இருக்கும் மூடிய சேசிஸுக்குள் (உலோகப் பெட்டிக்குள்) ஒரு சின்னத் துளை வழியாக விட்டேன். மறுமுனை திறந்த காற்றில். ஃபேனைப் போட்டால் ஒரு பக்கத் தண்ணீர் இறங்கி மறுபக்கம் ஏறும். இரண்டுக்கும் உள்ள உயர வித்தியாசம்தான் அழுத்தம். ஒரு அங்குலம் என்றால் 25.4 மில்லிமீட்டர்.

இதில் ஒரு வசதி உண்டு. காற்றின் அளவை அளக்கத் தனிக் கருவி வேண்டியதில்லை. வால்வு, சாக்கெட், சிம்னி (காற்றைத் தகடுகளுக்குள் திருப்பும் வளையம்) மூன்றும் அதனதன் இடத்தில் இருக்கும்போது, கீழிருந்து மேலே ஷீட்டில் சொன்ன அழுத்தம் நின்றால், அந்த அளவு காற்று வால்வு வழியாகப் போய்த்தான் ஆக வேண்டும். என் சாக்கெட்டுக்கு 20 மில்லிமீட்டர் என்று இலக்கு வைத்துக்கொண்டேன். பழைய கம்ப்யூட்டர் ஃபேனை மறுபடி மாட்டிப் பார்த்தேன். தண்ணீர் 3 மில்லிமீட்டர் நகர்ந்தது. அந்த வால்வு அத்தனை மாதம் தாங்கியதே பெரிது என்று அப்போது தோன்றியது.

என் கணக்கில் இன்னொரு தவறும் இருந்தது. எஸ்எஸ்பியில் (ஹாம்கள் குரல் அனுப்பும் முறை) பேசும்போது இடையிடையே நிறுத்துகிறோம், அதனால் சராசரிச் சூடு குறைவு என்று நினைத்திருந்தேன். ஆனால் 2000 வோல்ட்டில் இந்த வால்வுக்கு நான் வைத்திருந்த ஓய்வு கரன்ட் 100 மில்லிஆம்பியர். அதாவது மைக்கை அழுத்திக்கொண்டு ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தாலே 200 வாட், முழுக்க முழுக்கச் சூடாக. ஹீட்டருக்கு 6 வோல்ட், 2.6 ஆம்பியர், அது ஒரு 16 வாட். வாட்டை 1.76 ஆல் பெருக்கி கனஅடியால் வகுத்தால், காற்று எத்தனை டிகிரி செல்சியஸ் சூடேறும் என்று வரும். 216 வாட், 6.4 கனஅடி என்றால் 59 டிகிரி. வெளிநாட்டில் 20 டிகிரி அறையில் இருப்பவருக்கு வெளியேறும் காற்று 80 டிகிரிக்குக் கீழே. வேலூர் மே மாதத்தில் 42-ல் தொடங்கினால் 101. அடுத்தவர் வைத்த புளோயரை அப்படியே நாமும் வைக்க முடியாததற்கு இது ஒரு காரணம்.

முதல் புளோயரைச் சென்னை ரிச்சி தெருவில் வாங்கினேன். பழைய அமெரிக்க கருவியிலிருந்து கழற்றியது, வார்ப்பு அலுமினியக் கூடு, பார்க்கவே ஆசையாக இருந்தது. லேபிளில் 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் போட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். டியூப் மட்டத்தில் 14 மில்லிமீட்டருக்கு மேல் ஏறவில்லை. அண்ணனிடம் கேட்டேன். நம் கரன்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால் மோட்டர் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். காற்றின் அளவு வேகத்தோடு அதே விகிதத்தில் குறையும், ஆனால் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு குறையும். 0.83-ஐ அதனாலேயே பெருக்கினால் 0.69. மூன்றில் ஒரு பங்கு அழுத்தம் போய்விட்டது. வோல்டேஜை மாற்றினால் அது திரும்பி வராது.

அடுத்து புதுப்பேட்டையில் ஒரு கார் ஏசி புளோயர். 12 வோல்ட்டில் ஓடும். அழுத்தம் தாராளமாக வந்தது, 30 மில்லிமீட்டர். ஆனால் அதன் மோட்டரில் கார்பன் பிரஷ். போட்டவுடன் ரிசீவரில் 'கர்ர்' என்ற இரைச்சல், சிக்னல் மீட்டரில் எஸ்-7 அளவுக்கு. கெப்பாசிட்டர், ஃபெரைட் எல்லாம் போட்டு எஸ்-4 வரை குறைத்தேன். தூரத்து மெல்லிய நிலையங்களைக் கேட்கத்தானே இந்தப் பொழுதுபோக்கில் இருக்கிறோம். கேட்க முடியாமல் சத்தமாக அனுப்பி என்ன பயன்? கழற்றிவிட்டேன்.

மூன்றாவதாக, மோட்டருக்குப் பேர்போன கோயம்புத்தூரிலிருந்து 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் புளோயர் ஒன்றை வரவழைத்தேன். பிரஷ் இல்லாத இண்டக்ஷன் மோட்டர். வாங்குவதற்கு முன் கர்வ் அனுப்பச் சொன்னேன். 20 மில்லிமீட்டர் கோட்டில் அந்தக் கர்வ் 6.4 கனஅடிக்கு மேலே இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தேன், இருந்தது. வந்ததும் மேசையில் வாயைத் திறந்துவிட்டு ஓட்டிப் பார்த்தபோது மோட்டர் சூடானதால் பயந்துபோனேன். அண்ணன் ஒரு அட்டையை எடுத்து வாயை முக்கால்வாசி மூடினார். ஆம்பியர் குறைந்தது! முன்பக்கம் வளைந்த பிளேடு வைத்த புளோயர், தடை இல்லாமல் நிறையக் காற்றைத் தள்ளும்போதுதான் மோட்டருக்குப் பாரம் அதிகமாம். சேசிஸில் மாட்டியபின் சூடு அடங்கியது.

மாட்டியதும் 16 மில்லிமீட்டர்தான். சேசிஸில் எங்கோ ஒழுகுகிறது. ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி மூலைகளில் காட்டிக்கொண்டே வந்தேன். ஓட்டை இருந்த இடத்தில் புகை சடாரென்று விலகும். ஒயர் நுழையும் துளைகள், அடிமூடியின் ஒரு பக்கம் முழுக்க. அலுமினிய டேப்பும் எம்-சீலும் போட்டு அடைத்ததும் 23. புளோயரின் அதிர்வு பெட்டிக்கு வராமல் இருக்க, வாய்க்கும் சேசிஸுக்கும் இடையில் ஆம்பூரில் ஷூவுக்கு வெட்டிய மெல்லிய தோல் துண்டை வளையமாகத் தைத்து மாட்டினேன். குளிர்ந்த காற்று வரும் பக்கம் என்பதால் தோல் தாங்கும்; சூடு வெளியேறும் பக்கத்தில் இதைச் செய்யக் கூடாது.

பாலாற்று மணல் தூசி வடிகட்டி இல்லாமல் விடாது. முதலில் புளோயர் வாயளவுக்கே ஒரு வலை வைத்தேன். 23 என்பது 18 ஆகிவிட்டது. வலையின் பரப்பை நான்கு மடங்காக்கி, ஒரு தகரப் பெட்டி மாதிரி செய்து வைத்த பிறகு 22-ல் நின்றது.

காற்று வந்தால்தான் ஹீட்டர் எரியும்படி ஒரு ஏற்பாடு செய்தேன். மைக்ரோ சுவிட்சின் கம்பியில் மெல்லிய அலுமினியத் தகடு. காற்று அதைத் தள்ளினால் ரிலே இழுக்கும். ஹீட்டர் வந்து குறைந்தது 30 விநாடிக்குப் பிறகே ஹை வோல்டேஜ். அணைக்கும்போது எல்லாம் போனபின்னும் புளோயர் மட்டும் மூன்று நிமிடம் ஓடும். கரன்ட் கட் ஆனால்? சூடான வால்வு காற்றில்லாமல் நின்றுவிடும். அதனால் புளோயரை மட்டும் வீட்டு இன்வெர்ட்டர் லைனில் கொடுத்தேன். என் இன்வெர்ட்டர் சதுர அலை வகை, அதில் மோட்டர் கொஞ்சம் உறுமும். மூன்று நிமிடத்துக்கு அது பரவாயில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. அந்தத் தகடுகளில் 2000 வோல்ட் இருக்கிறது. மூடியைத் திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்கி, கெப்பாசிட்டரை எர்த் கம்பியால் தொட்டு இறக்கிவிடுங்கள், ஒவ்வொரு முறையும். சூட்டை அளக்கும்போதும் எர்த் செய்த மேல்வலைக்கு வெளியேதான் தெர்மோகப்பிளை வைத்தேன். அறை 38 டிகிரி, பத்து நிமிடம் ஓய்வு கரன்ட்டில் விட்டபோது வெளியேறிய காற்று 90. கணக்கில் வந்ததற்குப் பக்கத்தில்.

ஜனவரியில் இரண்டாவது வால்வைப் போட்டேன். ஹாம் ரேடியோ ஜெனரல் கிரேடு உரிமத்தில் 400 வாட் வரை அனுமதி உண்டு, நான் அதற்குக் கீழேயே ஓட்டுகிறேன். கொத்தனார் டியூப்பைக் கழற்றவில்லை. பெட்டியின் பக்கவாட்டிலேயே திருகிவிட்டேன். காலையில் ரேடியோவைப் போடும் முன் அதைத்தான் முதலில் பார்க்கிறேன். போன வாரம் 19 காட்டியது. வலையைக் கழற்றித் தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து மாட்டினேன். இப்போது மறுபடி 22.