எருமைமேல் ஏற்றப்பட்டவரின் வழியில்: நட்டாலம் முதல் வடக்கன்குளம் வரை

2022 மே 15 அன்று வத்திக்கானின் புனித பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் பத்துப் பேரைப் புனிதர்களாக அறிவித்தார். அவர்களுள் ஒருவர் நம் குமரி மாவட்டத்து நட்டாலத்துக்காரரான தேவசகாயம். அவர் குருவானவரோ துறவியோ அல்லர். மனைவியோடு இல்லறம் நடத்தி, அரண்மனையில் உத்தியோகம் பார்த்த பொதுநிலையினர். இந்தியப் பொதுநிலையினருள் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்ட முதல் மனிதர் அவரே. அவர் பிறந்த ஊரிலிருந்து திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்ற ஊர் வரை உள்ள தலங்களை ஒரே தொடர்ச்சியாகப் பார்த்து வணங்கிவர வேண்டும் என்ற ஆசை நெடுநாளாக இருந்தது. ஆனி மாதத்துச் சாரலும் காற்றும் ஒருசேர இருந்த நாளொன்றில், எங்கள் பங்கைச் சேர்ந்த சில குடும்பத்தாருடன் அதிகாலையிலேயே புறப்பட்டோம்.

மார்த்தாண்டத்துக்கு அருகே, ரப்பரும் தென்னையும் வாழையுமாகப் பச்சை அடர்ந்த மேடு பள்ளங்களுக்கிடையே இருக்கிறது நட்டாலம். மகா சிவராத்திரியன்று ‘கோவிந்தா, கோபாலா’ என்று முழங்கிக்கொண்டே பன்னிரண்டு சிவன் கோயில்களுக்கு ஓடும் பக்தர்களின் சிவாலய ஓட்டம் நிறைவடைவதும் இதே ஊரில்தான். அந்த ஓட்டம் முடியும் ஊரிலிருந்து எங்கள் பயணம் தொடங்கியது எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது. 1712 ஏப்ரல் 23 அன்று இங்கே பிறந்த குழந்தைக்கு நீலகண்டன் என்று பெயரிட்டார்கள். தந்தை வாசுதேவன் நம்பூதிரி, திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் பணி செய்தவர்; தாய் தேவகி அம்மா. தாய்வழி உரிமையான மருமக்கள்தாய முறைப்படி தாய்மாமன் வீட்டில் வளர்ந்த நீலகண்டன், மலையாளமும் தமிழும் வடமொழியும் கற்று, படைக்கலப் பயிற்சியும் பெற்று, மார்த்தாண்ட வர்மா மகாராஜாவின் ஆட்சியில் பத்மநாபபுரம் நீலகண்டசுவாமி கோயிலின் அலுவலராக உயர்ந்தார். கோயிலுக்கும் அரண்மனைக்கும் வேண்டியவர், ஊரில் மதிப்புள்ளவர், பார்கவி அம்மாள் என்ற நற்குணம் வாய்ந்த பெண்ணின் கணவர். அவர் பின்னாளில் எதையெல்லாம் விட்டுக்கொடுத்தார் என்பதை உணர, அவருக்கு என்னவெல்லாம் இருந்தது என்பதை முதலில் நினைத்துப் பார்ப்பது நல்லது.

நட்டாலத்தில் செபித்துவிட்டு நாகர்கோவில் நெடுஞ்சாலையில் தக்கலையைக் கடந்தால், புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை வருகிறது. இப்போது வனத்துறையின் பராமரிப்பில் மரங்கள் சூழ்ந்த பூங்காவாக இருக்கும் அந்தக் கோட்டைக்குள், கூரையிழந்து நிற்கும் பழைய சிற்றாலயம் ஒன்றில் தளபதி டிலனாயின் கல்லறை இருக்கிறது. 1741-ஆம் ஆண்டு குளச்சல் போரில் டச்சுக்காரர்களைத் திருவிதாங்கூர்ப் படை வென்றபோது பிடிபட்டவர் எவுஸ்தாக்கியுஸ் டிலனாய். சிறைப்பட்டவரின் திறமையை அறிந்த அரசர் அவரைத் தம் படைக்குப் பயிற்சியளிக்க அமர்த்தினார்; காலப்போக்கில் மக்கள் அவரை ‘வலிய கப்பித்தான்’, அதாவது பெரிய தளபதி, என்றே அழைத்தார்கள். 1777-இல் இறந்த அவருடைய கல்லறையின் மீது இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள் வெட்டப்பட்டுள்ளன. தொலைதூர நாட்டில் பிறந்த ஒருவரின் கல்லறையில் தமிழ் எழுத்தைக் காணும்போது, அவர் இந்த மண்ணோடு எவ்வளவு ஒன்றிவிட்டார் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

நீலகண்டனின் வாழ்வு திசைமாறியது இந்தத் தளபதியின் நட்பினால்தான். கால்நடைகள் மடிந்து, பயிர் அழிந்து, மனமுடைந்து இருந்த காலத்தில் நண்பருக்கு டிலனாய் விவிலியத்தில் வரும் யோபுவின் கதையைச் சொன்னார் என்பது வழிவழியாகக் கேட்டுவரும் செய்தி. செல்வம், பிள்ளைகள், உடல்நலம் ஆகிய எல்லாவற்றையும் இழந்தபின்னும் இறைவனைப் பழிக்காத அந்த மனிதனின் கதை நீலகண்டனின் உள்ளத்தில் ஆழமாகப் பதிந்தது. துன்பம் தீர வழி சொல்லும் கதைகள் பல இருக்க, துன்பத்தைத் தாங்கி நிற்கும் ஒருவனின் கதையை அவர் பற்றிக்கொண்டார் என்பதையே நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கிறேன். அடுத்து வரவிருந்த ஆண்டுகளுக்கு அவருக்கு வேண்டியிருந்ததும் அதுதான். 1745 மே 14 அன்று, திருவிதாங்கூர் எல்லைக்கு அப்பால் இருந்த வடக்கன்குளத்தில், இயேசு சபைக் குருவான புத்தாரி அடிகளாரிடம் திருமுழுக்குப் பெற்று லாசர் ஆனார், தமிழில் தேவசகாயம். பின்னர் பார்கவி அம்மாளும் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ அம்மாளானார்.

அதன்பின் அவர் செய்தவற்றுள் அரண்மனையைச் சேர்ந்த பலருக்கும் பொறுக்க முடியாமல் போனது, அவர் எல்லாச் சாதியாரோடும் ஒன்றாகப் பழகியதும் உண்டதும்தான். எந்தத் தெருவில் யார் நடக்கலாம், யாருக்கு எத்தனை அடி தள்ளி யார் நிற்க வேண்டும் என்றெல்லாம் விதி வகுத்திருந்த காலம் அது. உயர்ந்த நிலையில் இருந்த ஓர் அலுவலர் அந்த வரம்புகளைக் கடந்து, மனிதர் யாவரும் சமம் என்று சொல்லவும் அப்படியே நடக்கவும் செய்தார். அரசத் துரோகம் உள்ளிட்ட குற்றங்கள் சுமத்தப்பட்டு 1749 பிப்ரவரியில் அவர் சிறைப்பிடிக்கப்பட்டார். தண்டனைக்கான காரணங்களைப் பற்றி வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் மூன்றாண்டுக் காலம் சிறையிலும் வதையிலும் கழித்த அந்த மனிதர், தம் விசுவாசத்தை விட்டுக்கொடுத்து விடுதலை பெறவில்லை என்பதே மக்கள் மனத்தில் நிற்கிறது.

அந்த வதையின் ஒரு காட்சியை இன்றும் பல ஆலயங்களில் சுரூபமாகக் காணலாம். கைகள் பிணைக்கப்பட்டு, உடலில் கரும்புள்ளி செம்புள்ளி குத்தப்பட்டு, எருக்கம்பூ மாலை அணிவிக்கப்பட்டு, எருமையின் மேல் வால்பக்கம் நோக்கி அமர்த்தப்பட்ட தேவசகாயம் ஊர் ஊராக இழுத்துச் செல்லப்பட்டார். அடித்த காயங்களில் மிளகுப்பொடி தடவி வெயிலில் உட்கார வைத்தார்கள் என்றும் சொல்லப்படுகிறது. பார்ப்பவர் சிரிக்க வேண்டும், அவரைப்போல் நடக்க நினைப்பவர் அஞ்ச வேண்டும் என்பதே இந்த ஊர்வலத்தின் நோக்கம். அவமானப்படுத்துவதற்காக அவரை இழுத்துச் சென்ற பாதையிலேயே இன்று மக்கள் நேர்ச்சையோடும் செபமாலையோடும் நடக்கிறார்கள்; எங்களையும் அந்தப் பாதைதான் அழைத்துச் சென்றது.

புலியூர்க்குறிச்சியில் முட்டிடிச்சான் பாறை இருக்கிறது. எருமைமேல் கொண்டுவரப்பட்டபோது தாகத்தால் வாடிய அவர், செபித்துவிட்டு முழங்கையால் பாறையில் இடிக்க, அதிலிருந்து நீர் ஊறியது என்பது மரபு. பாறையில் உள்ள குழி சிறியது. கையை நுழைத்து அள்ளும் அளவே இருக்கும். வருபவர்கள் வரிசையில் நின்று ஆளுக்குக் கொஞ்சமாக எடுத்து, நெற்றியில் தடவி, மீதியைப் பருகுகிறார்கள். எங்களுக்கு முன்னால் நின்ற இளந்தாய் ஒருவர், காய்ச்சலில் சுருண்டிருந்த தம் குழந்தையின் உதட்டில் இரண்டு சொட்டுத் தண்ணீரை விட்டுவிட்டு, எதுவும் கேட்காமல் வெறுமனே கைகூப்பி நின்றார். தாகமென்றால் என்னவென்று அறிந்த ஒருவரிடம் வேண்டுவதற்கு வார்த்தை தேவையில்லை என்று அவர் நினைத்திருக்கலாம். நானும் அந்த நீரைப் பருகினேன். குளிர்ந்து, மெல்லிய கல்வாடையோடு இருந்தது.

அடுத்து நாகர்கோவிலை அடுத்த பெருவிளை. இங்கே அவரை வேப்பமரத்தில் கட்டிவைத்திருந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் நாளாக நாளாக ஆறுதல் தேடி வருபவர்களாக மாறினார்கள் என்றும், பிள்ளையில்லாத குறையைச் சொல்லி அழுத காவலருக்காக அவர் வேண்டிக்கொள்ள, அந்த வீட்டில் குழந்தை பிறந்தது என்றும் பெரியவர்கள் சொல்வார்கள். தம்மை வதைக்க நியமிக்கப்பட்டவரின் வீட்டுக் கவலையைக் கேட்டு அதற்காகச் செபிக்கும் மனம் எளிதில் வருவதன்று. புதுமைகளைவிட இந்த மனமே எனக்குப் பெரிய புதுமையாகத் தோன்றுகிறது.

கோட்டாறு புனித சவேரியார் பேராலயத்துக்கு நாங்கள் சேர்ந்தபோது நண்பகல் திருப்பலி முடிந்திருந்தது. புனித பிரான்சிஸ் சவேரியாரே தொடங்கிய ஆலயம் என்ற பெருமை இதற்கு உண்டு. டிசம்பர் 3-ஆம் நாள் அவருடைய திருவிழாவுக்கு மாவட்டம் முழுவதும் உள்ளூர் விடுமுறை. தேவசகாயம் சுட்டுக் கொல்லப்பட்டபின் காட்டில் கிடந்த அவருடைய எலும்புகளை விசுவாசிகள் தேடி எடுத்துவந்து இங்கேதான் பீடத்துக்கு முன்பாக அடக்கம் செய்தார்கள். அக்காலத்தில் கொச்சி ஆயராக இருந்தவர் 1756-ஆம் ஆண்டிலேயே விசுவாசத்துக்காக உயிர்நீத்த இந்த மறைசாட்சியைப் பற்றி உரோமைக்கு அறிக்கை அனுப்பியிருக்கிறார். ஆனால் 2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில், புனிதர் நிலைக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் வழங்கப்படும்வரை இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் கடந்துபோயின. அந்த இடைக்காலம் முழுவதும் அவருடைய நினைவைக் காத்தவர்கள் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றிய மீனவப் பெண்களும் பனையேறிகளும் நெசவாளிகளுமான எளிய மக்களே. புனிதர் பட்ட நடைமுறையின்போது அவருடைய பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டத்தை நீக்க வேண்டும் என்று கோரிக்கை எழுந்தது. வத்திக்கானும் அதை ஏற்று நீக்கியது. எல்லாரும் சமம் என்று வாழ்ந்தவரின் பெயருக்குப் பின்னால் அந்த ஒட்டு நீடித்திருந்தால், அது அவருடைய வாழ்வுக்கே முரணாக இருந்திருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆரல்வாய்மொழிக் கணவாயை நெருங்கும்போதே காற்று வேனை ஒருபுறமாகத் தள்ளியது. காற்றாலைகள் வரிசை வரிசையாகச் சுழலும் அந்தப் பகுதியில், காற்றாடிமலை என்ற பெயருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. 1752 ஜனவரி 14 அன்று தேவசகாயத்தை இந்த மலைக்குக் கொண்டுவந்தார்கள். செபிக்கச் சற்று நேரம் கேட்டுப் பெற்று, பாறையில் முழந்தாளிட்டு வேண்டிய பிறகு, வீரர்கள் துப்பாக்கியால் சுட, அவர் உயிர் நீத்தார். அவருடைய முழங்காலின் தடம் என்று ஓரிடத்தைக் காட்டுகிறார்கள். மக்கள் அதைத் தொட்டு முத்தமிடுகிறார்கள்.

மேலே மணியடிச்சான் பாறை இருக்கிறது. அவர் இறந்த வேளையில் உடைந்து விழுந்த பாறை என்றும், அதனால்தான் மணிபோல ஒலிக்கிறது என்றும் நம்பிக்கை. சிறு கல்லால் தட்டினால் கருங்கல்லுக்குரிய மங்கலான ஓசை வருவதில்லை. வெண்கலத்தைத் தட்டியதைப்போலக் கணீரென்று எழுந்து, காற்றின் இரைச்சலையும் மீறிச் சற்று நேரம் நிற்கிறது. தலைமுறை தலைமுறையாகத் தட்டித் தட்டி, பாறையில் ஆங்காங்கே வெளுத்த பள்ளங்கள் விழுந்திருக்கின்றன. எங்களுடன் வந்த சிறுவன் ஒருவன் உற்சாகத்தில் ஓங்கி ஓங்கி அடிக்க, அருகே செபமாலை சொல்லிக்கொண்டிருந்த முதிய அம்மா அவன் கையைப் பிடித்து, “மக்களே, பெலமா அடிக்கண்டாம், மெதுவாத் தட்டு. அவரு பட்ட அடி போதும்” என்றார். பையன் கல்லைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பள்ளங்களை விரலால் தடவிப் பார்த்தான். எத்தனையோ மறையுரைகளில் கேட்டிருந்தும், அவர் பட்ட பாடு அந்த அம்மாவின் சொல்லில்தான் எனக்கு வலித்தது.

பெரும்பாலான திருப்பயணிகள் காற்றாடிமலையோடு திரும்பிவிடுகிறார்கள். நாங்கள் கணவாயைக் கடந்து, திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்துக்கும் சென்றோம். தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற ஊர் என்பதோடு, ஞானப்பூ அம்மாள் வாழ்ந்து மறைந்து, அடக்கம் செய்யப்பட்ட ஊரும் இதுவே. சிறையிலிருந்த கணவருக்கு அருகிலேயே இருக்க அவர் விரும்பியதாகவும், எல்லைக்கு இப்பால் விசுவாசிகளோடு பாதுகாப்பாக வாழும்படி தேவசகாயமே அவரை வேண்டிக்கொண்டதாகவும் மரபு கூறுகிறது. சொந்த ஊரும் உறவும் இல்லாத இடத்தில், கணவர் கொல்லப்பட்ட செய்தியைக் கேட்ட பின்னும், அவர் தம் இறுதிநாள்வரை இங்கேயே வாழ்ந்தார். அவருக்குச் சுரூபங்கள் குறைவு, பாடல்களும் குறைவு. மறைசாட்சியின் துன்பம் மூன்றாண்டுகளில் முடிந்தது. அந்தத் துன்பத்தின் நினைவைச் சுமந்து வாழ்வது மனைவியின் பங்காயிற்று. அவருடைய கல்லறையின் முன் எங்கள் குழுவிலிருந்த கைம்பெண்கள் இருவர் நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. நாங்களும் அவர்களை அவசரப்படுத்தவில்லை.

வடக்கன்குளத்துக்கு வேறொரு வரலாறும் உண்டு. பக்தியின் பெயரால் அதை மறைப்பது தேவசகாயத்துக்குச் செய்யும் மரியாதை ஆகாது. 1872-இல் இந்த ஊரில் எழுப்பப்பட்ட பெரிய கோயில், ஒரே பீடத்தில் வந்து சேரும் இரண்டு கூடங்களாக, சாதியாரைச் சாதியாரிடமிருந்து பிரித்து உட்கார வைப்பதற்காகவே அமைக்கப்பட்டது. பார்ப்பதற்குக் கால்சட்டை போலிருந்ததால் அப்படியே பெயரும் பெற்றது. அந்தத் தடுப்பை 1910-இல் குருவானவர் ஒருவர் அகற்றியபோது, கடும் எதிர்ப்பும் வழக்கும் எழுந்தன. எல்லாரோடும் ஒன்றாக உண்டதற்காக ஒருவர் உயிரைக் கொடுத்த வழியில் வந்தவர்களே, அவர் திருமுழுக்குப் பெற்ற ஊரிலேயே ஒன்றாக அமர மறுத்தார்கள் என்பதை அறியும்போது நெஞ்சு கனக்கிறது. கல்லறைத் தோட்டங்களில்கூடச் சாதிப் பிரிவு நீடிக்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் இன்றும் இருக்கின்றன. ஜனவரி 14 அன்று, பொங்கலையொட்டி அவருடைய நினைவுநாளைக் கொண்டாடும் பங்குகள் அந்தத் திருப்பலியில் இதையும் மன்றாட்டாகச் சேர்க்கலாம் என்று எங்கள் பங்குத்தந்தையிடம் சொல்லியிருக்கிறேன். வரும் ஆண்டு முதல் சேர்ப்பதாக அவரும் இசைந்திருக்கிறார்.

இந்தத் தலங்களை ஒரே நாளில் பார்க்க விரும்புபவர்கள் நட்டாலத்திலிருந்து விடியற்காலையில் தொடங்குவது நல்லது. ஆனி, ஆடியில் காற்றாடிமலையில் காற்று மிகக் கடுமையாக இருக்கும் என்பதால், முதியவர்களையும் குழந்தைகளையும் கைப்பிடித்தே மேலே அழைத்துச் செல்லுங்கள். மாலையில் நேரம் மிஞ்சினால் ஊர் திரும்பிவிடாமல், கணவாயைத் தாண்டி வடக்கன்குளம் சென்று, ஞானப்பூ அம்மாளுக்கும் ஒரு மெழுகுதிரி ஏற்றிவிட்டு வாருங்கள்.