குண்டின் மூக்கில் இரண்டு மஞ்சள் பட்டை

விமானத்தின் வேலை முடிந்து மூன்று வாரமாகிறது. 1/48 அளவில் பிளாஸ்டிக் மாடல்: அமெரிக்கக் கடற்படையின் எஃப்/ஏ-18சி ஹார்னெட் போர் விமானம், 1991 வளைகுடாப் போர்க் காலத்துத் தோற்றம். இறக்கைக்கு அடியில் மட்டும் இன்னும் வெறுமையாக இருக்கிறது. இந்தப் பதிவு முழுக்க அங்கே தொங்கப்போகும் சாமான்களைப் பற்றித்தான்: நான்கு மார்க் 83 குண்டுகள், இறக்கை முனைகளில் இரண்டு சைட்விண்டர் ஏவுகணை, உடலோரம் இரண்டு ஸ்பாரோ ஏவுகணை.

அந்தப் போரின் முதல் நாள், 1991 ஜனவரி 17 அன்று, சரடோகா விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து கிளம்பிய இரண்டு ஹார்னெட்கள் வழியில் இரண்டு ஈராக்கிய மிக்-21 போர் விமானங்களை வீழ்த்திவிட்டு, சுமந்து வந்த குண்டுகளையும் இலக்கில் போட்டுவிட்டுத் திரும்பின. அவற்றில் ஒன்றைத்தான் மாடலாகச் செய்ய ஆசை. ஆனால் அவை சுமந்தது 2,000 பவுண்டு மார்க் 84. என் கையில் இருப்பதோ 1,000 பவுண்டு மார்க் 83. அதனால் அதே போரில் வேறொரு நாள் என்று வைத்துக்கொண்டேன். குண்டை மாற்றிவிட்டு அந்த விமானத்தின் எண்ணை எழுத மனம் ஒப்பவில்லை.

மாடலின் பாகங்கள் அடங்கிய கிட்டோடு வந்த வழிகாட்டித் தாளில் ஆயுதங்களுக்குக் கால் பக்கம்தான். குண்டுக்கு ஆலிவ் டிராப் என்ற மங்கிய பச்சை, ஏவுகணைக்கு வெள்ளை, அவ்வளவுதான். மாடலில் ஒட்டும் சின்னங்கள் அச்சிட்ட டெக்கால் தாளிலோ சைட்விண்டருக்கு நீலப் பட்டை கொடுத்திருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் கையை நிறுத்திவிட்டேன். நீலம் என்றால் பயிற்சிக்கானது என்று அர்த்தம். நிஜக் குண்டோடு போருக்குப் போகும் விமானத்தின் முனையில் பயிற்சி ஏவுகணைக்கு என்ன வேலை?

ஆயுதத்தில் இருக்கும் நிறம் அலங்காரமல்ல. கப்பல் தளத்தில் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு ஆயுதம் ஏற்றுகிறவர்கள் தூரத்திலிருந்தே படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய சேதி அது. மஞ்சள் என்றால் உள்ளே இருப்பது வெடித்துச் சிதறும் ரகம். பழுப்பு என்றால் வேகமாக எரிந்து தள்ளும் ரகம், அதாவது ராக்கெட் மோட்டார். அதனால்தான் நிஜ சைட்விண்டரின் உடலில் வெடிமுனைப் பகுதியில் மஞ்சள் பட்டையும், பின்னால் மோட்டார் பகுதியில் பழுப்புப் பட்டையும் வருகின்றன. இது புரிந்துவிட்டால் எந்தப் பட்டை எங்கே என்று மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

பெயின்ட் தேர்வுக்கு எஃப்எஸ் எண்தான், அதாவது அமெரிக்க அரசின் நிறத் தர எண்தான், கைகாட்டி. ஐந்து இலக்கங்களில் முதலாவது பளபளப்பைச் சொல்கிறது: 1 பளபளப்பு, 2 அரைப் பளபளப்பு, 3 பளபளப்பே இல்லாத மட். இரண்டாவது நிறக் குடும்பம்: 0 பழுப்பு, 3 மஞ்சள், 4 பச்சை, 5 நீலம், 6 சாம்பல். கடைசி மூன்றும் ஏறஏற நிறம் வெளுக்கும். குண்டின் ஆலிவ் டிராப் 34087; மிஸ்டர் கலர் என்ற மாடல் பெயின்ட் வரிசையில் 304 அதற்கென்றே வந்த குப்பி. ஏவுகணையின் சாம்பல் 36375, அது 308. பட்டையின் மஞ்சள் 33538. என்னிடம் இருந்தது 329, அதாவது 13538. முதல் இலக்கம் மட்டும்தான் வேறு. நிறம் அதேதான், பளபளப்பு அதிகம், மேலே மட் கிளியர் என்ற நிறமற்ற பூச்சு அடித்தால் சரியாகிவிடும். இந்த ஒரு விஷயம் புரிந்ததில் ஒரு குப்பிக் காசு மிச்சம்.

இனி குண்டுக்கு வருகிறேன். எனக்கு அதிக நாள் பிடித்தது இதுதான்.

1967 ஜூலை 29, டோங்கின் வளைகுடா. ஃபாரஸ்டல் கப்பலின் தளத்தில் ஒரு ஸூனி ராக்கெட் தானாகச் சீறிக் கிளம்பி, எதிரே நின்ற ஸ்கைஹாக் விமானத்தின் எரிபொருள் தொட்டியைக் கிழித்தது. தீயில் கிடந்த பழைய குண்டுகள் ஒன்றரை நிமிடத்திலேயே வெடிக்கத் தொடங்கின. 134 பேர் இறந்தார்கள். 1969 ஜனவரியில் என்டர்பிரைஸ் கப்பலிலும் இதேபோலத் தீ, 28 பேர் பலி. தீயில் விழுந்த குண்டு உடனே வெடிக்காமல் தாமதித்தால்தான் தீயணைப்பவர்களுக்கு அவகாசம் கிடைக்கும். அதற்காகத்தான் கடற்படைக் குண்டுகளின் உடலில் வெப்பத்தைத் தடுக்கும் கனமான பூச்சு வந்தது. பூச்சு உள்ள குண்டுக்கு அடையாளம் மூக்கில் இரண்டு மஞ்சள் பட்டை. விமானப்படைக் குண்டு வழவழப்பாக, ஒற்றைப் பட்டையோடு இருக்கும். கப்பல் விமானத்தில் வழவழப்பான ஒற்றைப் பட்டைக் குண்டுகளை மாட்டிய மாடலைப் பார்க்கும்போது, அந்தத் தளத்தில் நடந்த எதுவுமே அதில் இல்லாததுபோல் எனக்கு இருக்கிறது.

பூச்சின் மேற்பரப்பு, மட்டக்கட்டை போடாத சிமென்ட் பூச்சு போலச் சொரசொரவென்று இருக்கும். மிஸ்டர் சர்ஃபேசர் 500 என்ற அடிப்பூச்சைக் குப்பியிலிருந்து கெட்டியாக எடுத்து, மயிரைக் குட்டையாக நறுக்கிய பழைய பிரஷால் குத்திக் குத்தி வைத்தேன். முதல் குண்டில் சொரசொரப்பு மிதமிஞ்சிவிட்டது. என் அளவில் குண்டின் நீளம் 6 செ.மீ.தான், குறுக்களவு 7 மி.மீ. சொச்சம். அதில் கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொரு மேடும் நிஜத்தில் விரல் தடிமன் ஆகிவிடும். காய்ந்த பிறகு 1000 நம்பர் உப்புத்தாளால் மேடுகளை மட்டும் தேய்த்தேன். வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் தெரிய வேண்டும், நேராகப் பார்த்தால் தெரியக் கூடாது. அந்த இடத்தில் நிறுத்தினேன்.

அடுத்து பட்டை. பச்சையின் மேல் மஞ்சள் எடுக்காது, அழுக்குப் பச்சையாகிவிடும். அதனால் மூக்கில் முதலில் வெள்ளை, அதன் மேல் மஞ்சள், பிறகு 1.5 மி.மீ. அகலத்துக்கு நறுக்கிய மாஸ்கிங் டேப்பை இரண்டு வளையமாகச் சுற்றி, மேலே ஆலிவ். டேப்பை உரித்தால் பட்டையின் ஓரமெல்லாம் பல் பல்லாகப் பச்சை கசிந்திருந்தது. சொரசொரப்பின் பள்ளங்களில் டேப் ஒட்டவில்லை. மறுபடி வெள்ளையிலிருந்து ஆரம்பித்தேன். இம்முறை டேப் சுற்றியதும் அதன் ஓரத்தில் மறுபடியும் அதே மஞ்சளை மெல்ல ஊதினேன். கசிவதானால் மஞ்சளே கசிந்து இடுக்கை அடைக்கட்டும் என்று. அது காய்ந்த பின் ஆலிவ். உரித்தபோது ஓரம் நூல் பிடித்தாற்போல இருந்தது. மீதி மூன்றையும் இப்படியே முடித்தேன்.

இன்னொன்று. குண்டின் உடலும் வால் சிறகும் கப்பலுக்குத் தனித்தனியாக வருகின்றன, கப்பலில்தான் பூட்டுகிறார்கள். சிறகுக்கு அந்தக் கனமான பூச்சு கிடையாது. ஆகவே உடலுக்கு 304இல் பத்துச் சொட்டுக்கு ஒரு சொட்டு 308 கலந்து சற்றே வெளுப்பாக்கினேன். சின்ன மாடலில் அசல் நிறத்தை அப்படியே அடித்தால் கருத்துத் தெரியும் என்பதும் ஒரு காரணம். சிறகுக்குக் கலக்காத 304, வழவழப்பாக. நான்கும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கும்போது அந்தச் சின்ன வேறுபாடுதான் அவற்றுக்கு இரும்பின் கனத்தைக் கொடுக்கிறது.

சைட்விண்டர் சுலபம். வியட்நாம் காலத்துக்கு வெள்ளை சரி. இந்தக் காலத்துக்கு 36375 சாம்பல். பின் சிறகுகளின் மூலையில் காற்றில் சுழலும் சின்னப் பல்சக்கரங்கள் உண்டு, ஏவுகணை உருளாமல் பிடித்துவைப்பவை. அவற்றுக்கு மட்டும் ஊசிமுனை பிரஷால் ஒரு பொட்டு வெள்ளி.

அழுக்கு வைப்பதிலும் ஒரு கணக்கு உண்டு. குண்டு கிடங்கிலிருந்து வந்து ஒரே ஒரு முறை பறந்து முடிந்துபோகும். அதில் எண்ணெய்க் கறை வைக்கவில்லை, கையாளும்போது பட்ட சிராய்ப்பு மட்டும் இரண்டொன்று. ஏவுகணை அப்படியல்ல. சுடாமல் திரும்பினால் நாளைக்கும் அதேதான் பறக்கும். அதனால் சைட்விண்டர்களுக்குச் சாம்பல் கலந்த மெல்லிய வாஷ், அதாவது நீர்க்கக் கரைத்த பெயின்ட், கொடுத்திருக்கிறேன்.

ஸ்பாரோ இரண்டும் இன்னும் கிளிப்பில் நிற்கின்றன. சாம்பல் காய்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பழுப்புப் பட்டை.