எதற்கான உரிமை?

கலைக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டிலேயே அமெரிக்க வரலாற்றுத் தாள் என் பங்குக்கு வந்தது. எனக்கு முன் அதை நடத்தியவர் ஓய்வுபெறும்போது தன் நோட்ஸைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். வட மாநிலங்களுக்கும் தென் மாநிலங்களுக்கும் இடையே நடந்த உள்நாட்டுப் போருக்கான காரணங்கள் என்ற பகுதியில் ஐந்து துணைத்தலைப்புகள் இருந்தன: வடக்கு தெற்கு பொருளாதார வேறுபாடு, சுங்கவரிப் பூசல், மாநில உரிமைகள், அடிமைமுறை, 1860 தேர்தல். ஒவ்வொன்றுக்கும் நாலைந்து வரி. பத்து மதிப்பெண் கேள்விக்கு அளவெடுத்தாற்போல் இருக்கும். பதினான்கு ஆண்டுகள் அதையேதான் சொல்லிக்கொடுத்தேன்.

அடுத்த ஆண்டு, மூன்றாவது தலைப்பைக் கரும்பலகையில் எழுதித் திரும்பியதும் ஒரு மாணவி எழுந்தாள்.

"சார், மாநில உரிமைன்னு போட்டிருக்கீங்க. எதைச் செய்யறதுக்கு உரிமை சார்?"

"மத்திய அரசு தலையிடாம அவங்க சட்டத்தை அவங்களே போட்டுக்கிற உரிமைம்மா."

"என்ன சட்டம் சார்?"

பதில் தெரியாமல் இல்லை. அதைச் சொன்னால் மூன்றாவது தலைப்பு நான்காவதற்குள் போய்விடும் என்பது அப்போதுதான் உறைத்தது. நாளைக்குச் சொல்கிறேன் என்று வகுப்பை முடித்துக்கொண்டேன்.

அன்றிரவுதான், இத்தனை ஆண்டில் முதல்முறையாக, தென் கரோலினாவின் பிரகடனத்தை முழுதாகப் படித்தேன். 1860 டிசம்பர் 20 அன்று அந்த மாநிலம் ஒன்றியத்திலிருந்து விலகியது. ஏன் விலகினோம் என்று நான்கு நாள் கழித்துத் தன் வாயாலேயே சொன்னது. சில பக்கங்கள்தான். சுங்கவரி என்ற பேச்சே அதில் இல்லை. இருப்பது முழுக்க அடிமைகளைப் பற்றிய புகார். தப்பியோடியவர்களை வட மாநிலங்கள் பிடித்துக் கொடுப்பதில்லை. பிடித்துக் கொடுக்கச் சொல்லும் மத்தியச் சட்டத்தைச் செல்லாக்காசாக்கத் தங்கள் சட்டமன்றங்களில் சட்டம் போடுகின்றன. நியூயார்க் நீதிமன்றம், அடிமையோடு அந்த மாநிலத்தின் வழியாகப் போகக்கூட விடுவதில்லை. வட மாநிலங்கள் தங்கள் சட்டத்தைத் தாங்களே போட்டுக்கொண்டன என்பதுதான் தென் கரோலினாவின் கோபம்! மாநில உரிமைக்காகத் தெற்கு போராடியது என்று பதினான்கு ஆண்டுகள் நான் சொல்லியிருக்கிறேன்.

மிசிசிப்பியின் அறிக்கை சுற்றிவளைக்கவே இல்லை. எங்கள் நிலைப்பாடு அடிமைமுறையோடு முழுமையாகப் பிணைந்தது, அதுவே உலகின் மாபெரும் பொருளியல் நலன் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. 1861 மார்ச்சில் சவானா நகரில் பேசிய, விலகிய மாநிலங்கள் சேர்ந்து அமைத்த தென் கூட்டமைப்பின் துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ், கறுப்பர் வெள்ளையருக்குச் சமமல்லர் என்பதே எங்கள் புதிய அரசின் மூலைக்கல் என்றார்.

அந்த இரவுக்குப் பிறகு ஒவ்வொரு தலைப்பாகத் திறந்து பார்த்தேன். பொருளாதார வேறுபாடு என்றால் என்ன? 1793-இல் எலி விட்னியின் பருத்தி அரவை எந்திரம் வந்தது. பருத்திக் காடு தெற்கெங்கும் பரவியது. 1790-இல் சுமார் ஏழு லட்சமாக இருந்த அடிமைகள் 1860-இல் ஏறக்குறைய நாற்பது லட்சம். நாட்டின் ரயில் பாதைகளிலும் ஆலைகளிலும் போட்டிருந்த முதல் மொத்தத்தையும் விட அந்த மனிதர்களின் சந்தை விலை அதிகம். சுங்கவரியா? 1832-இல் தென் கரோலினா அதற்காக முறைத்தது உண்மை. ஆனால் 1857-இல் வரி வெகுவாகக் குறைக்கப்பட்டுவிட்டது. 1860 தேர்தலில் வென்ற லிங்கன் அடிமைமுறையை ஒழிப்பேன் என்றுகூடச் சொல்லவில்லை. மேற்கே புதிய பிரதேசங்களுக்கு அது பரவக்கூடாது என்றார், அவ்வளவுதான். அதற்கே அவர் பதவியேற்கும் முன் ஏழு மாநிலங்கள் விலகிவிட்டன.

மறுநாள் வகுப்பில் 1850-ஆம் ஆண்டுத் தப்பியோடிய அடிமைகள் சட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். பிடிபட்டவரை விசாரிக்கும் ஆணையருக்கு, அவர் அடிமைதான் என்று ஒப்படைத்தால் பத்து டாலர் கட்டணம், விடுவித்தால் ஐந்து. ஒப்படைத்தால் எழுத்து வேலை அதிகம் என்பது சொல்லப்பட்ட காரணம். பிடிபட்டவர் தன் தரப்பில் சாட்சி சொல்ல முடியாது. வகுப்பு அப்படியே அமைதியாகிவிட்டது.

பிறகு அந்தோணி பர்ன்ஸின் கதையைச் சொன்னேன். வர்ஜீனியாவிலிருந்து கப்பலேறித் தப்பி, பாஸ்டனில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்த இருபது வயது இளைஞர். 1854 மே மாதம் பிடித்தார்கள். மீட்க வந்த கூட்டம் நீதிமன்றக் கதவை உடைத்தது, காவலர் ஒருவர் இறந்தார். ஜூன் 2 அன்று படைவீரர்கள் சூழ அவரைத் துறைமுகத்துக்கு நடத்திப் போனார்கள். தெருவின் இருபுறமும் பல்லாயிரம் பேர். கட்டடங்களில் கறுப்புத் துணி. ஒரே ஒரு மனிதரைத் திருப்பி அனுப்ப ஒரு நகரத்தையே படையால் நிரப்ப வேண்டியிருந்தது.

அந்த நகரத்தில் ஆமோஸ் லாரன்ஸ் என்று ஒருவர். தெற்கின் பருத்தியை நெய்து செல்வம் சேர்த்த ஆலைக் குடும்பம். இரவு பழமைவாதிகளாகப் படுத்தோம், காலையில் வெறிகொண்ட அடிமை ஒழிப்பாளர்களாக எழுந்தோம் என்று எழுதினார். அதே ஆண்டு வந்த கான்சாஸ்-நெப்ராஸ்கா சட்டம், 1820-இல் 36 பாகை 30 கலை அட்சக்கோட்டில் அடிமைமுறைக்குப் போட்ட எல்லையை அழித்து, அடிமைமுறை வேண்டுமா என்பதைக் குடியேறுபவர்களே முடிவு செய்யட்டும் என்றது. லாரன்ஸ் பணம் கொடுத்துக் குடியேற்றக்காரர்களைக் கான்சாஸுக்கு அனுப்பினார். அவர் பெயரிலேயே அமைந்த லாரன்ஸ் ஊரை 1856 மே மாதம் அடிமைமுறை ஆதரவாளர்கள் சூறையாடினார்கள். சம்டர் கோட்டையில் உள்நாட்டுப் போரின் முதல் குண்டு விழ இன்னும் ஐந்து ஆண்டு இருந்தது. என்னைக் கேட்டால் போர் கான்சாஸிலேயே தொடங்கிவிட்டது.

"அப்ப லிங்கன் அடிமைகளை விடுவிக்கத்தானே சார் சண்டை போட்டாரு?" என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு பையன் கேட்டான். இல்லை. தெற்கு ஏன் விலகியது என்பது ஒரு கேள்வி, வடக்கு ஏன் போரிட்டது என்பது வேறு கேள்வி. வடக்கு முதலில் இறங்கியது ஒன்றியம் உடையாமல் காக்க. தெற்கின் அடிமைகளை விடுவித்த லிங்கனின் விடுதலைப் பிரகடனம் 1863 ஜனவரி 1 அன்றுதான் வந்தது. இந்த இரண்டு கேள்விகளையும் கலந்துவிட்டால் ஐந்து தலைப்புப் பட்டியல் மறுபடி உயிர் பெற்றுவிடும். இதை இப்போது எல்லா வகுப்பிலும் அழுத்திச் சொல்கிறேன்.

இந்த மாணவி கேட்பதற்குச் சில ஆண்டுகள் முன்பு, மைய மதிப்பீட்டு முகாமில் ஒரு தாளைத் திருத்தினேன். காரணங்களை விவரி என்ற கேள்விக்கு அந்தப் பிள்ளை ஒரே காரணத்தை, அடிமைமுறையை மட்டும், இரண்டு பக்கம் எழுதியிருந்தது. பருத்தி, கான்சாஸ், கறுப்பர் அமெரிக்கக் குடிமக்களாக முடியாது என்ற ட்ரெட் ஸ்காட் தீர்ப்பு எல்லாம் கோவையாக இருந்தன. விடைக்குறிப்பில் ஐந்து காரணங்கள் கேட்டிருந்ததால் பத்துக்கு நான்கு போட்டேன். டம்மி எண் போட்ட தாள். எழுதியது யார் என்று தெரிந்துகொள்ளவும் வழியில்லை, தேடிப்போய்ச் சொல்லவும் வழியில்லை. அந்த நான்கை நான் மறக்கவில்லை.

விடைக்குறிப்பை மாற்றச் சொல்லிப் பாடத்திட்டக் குழுவுக்கு இரண்டு முறை எழுதிவிட்டேன். இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அதனால் பிள்ளைகளிடம் ஐந்து தலைப்பையும் எழுதச் சொல்கிறேன், ஒவ்வொன்றின் கீழும் அது எப்படி அடிமைமுறையில் போய் முடிகிறது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்கிறேன்.

பர்ன்ஸ் என்ன ஆனார் என்று அந்த மாணவி மணியடித்த பிறகும் நின்று கேட்டாள். 1855-இல் பாஸ்டன்காரர்கள் பணம் திரட்டி அவரை விலைக்கு வாங்கி விடுவித்தார்கள். ஓபர்லினில் படித்தார். கனடாவில் செயின்ட் கேத்தரின்ஸ் என்ற ஊரில் போதகரானார். 1862 ஜூலையில், முப்பது வயதுகூட ஆகாமல், இறந்துபோனார்.

"விடுதலைப் பிரகடனத்துக்கு ஆறு மாசம் முன்னாடி" என்று அவளே கணக்குப் போட்டு நோட்டில் எழுதிக்கொண்டாள்.