ஒரே வீட்டில் மூன்று காப்பி: ஐந்து மாதக் கணக்கு

காப்பி போட முதலில் வாங்கியிருக்க வேண்டிய பொருள் கொட்டை அரைப்பான், அதை நான் கடைசியில்தான் வாங்கினேன். இதை யாராவது ஜனவரியிலேயே எனக்குச் சொல்லியிருந்தால் நானூறு சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் மிஞ்சியிருக்கும்.

வீட்டில் மூன்று பேர், மூன்று நாக்கு. அம்மா இங்கே சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர். அவருக்குக் காப்பி என்றால் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் காப்பிக்கடையின் கோப்பிதான், கன்னங்கரேல் என்று, அடியில் டின் பால் தேங்கி நிற்க வேண்டும். மனைவிக்குத் திருச்சி. ஃபில்டர் டிகாக்‌ஷன், காய்ச்சிய பால், ஆற்றின நுரை, இதில் ஒன்று குறைந்தாலும் அன்று முழுக்கத் தலைவலி என்பார். எனக்கு வேலையிடத்துப் பழக்கத்தில் பாலும் சர்க்கரையும் இல்லாத காப்பி ஒட்டிக்கொண்டது. மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு மெஷின் வாங்கிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்து, போனஸாகத் தரும் பதின்மூன்றாவது மாதச் சம்பளம் கைக்கு வந்த வாரமே ஒரு எஸ்பிரெசோ மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பெட்டியில் ‘15 பார்’ என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். எஸ்பிரெசோவுக்குத் தேவையான நீர் அழுத்தம் ஏறத்தாழ 9 பார்தான், பெட்டியில் எழுதுவது பம்பின் உச்ச அளவு என்பதெல்லாம் வாங்கின பிறகு படித்தது. அதோடு வந்த சல்லடைக் கிண்ணத்துக்கு அடியில் இரண்டு தகடு, வெளித் தகட்டில் ஊசிமுனை அளவுக்கு ஒரே ஒரு துளை. எந்தத் தூளைப் போட்டாலும் அந்தத் துளை வழியாகப் பீய்ச்சிக்கொண்டு வருவதால் மேலே நுரை கட்டும். பார்க்க அழகாக இருக்கும், வாயில் வைத்தால் ஆறின கஷாயம். சரி என்று ஒற்றைத் தகடு கிண்ணம் தனியாக வாங்கிப் போட்டேன். 18 கிராம் தூளுக்கு 36 கிராம் காப்பி, 25 முதல் 30 விநாடிக்குள் இறங்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. எனக்கு எட்டு விநாடியில் தண்ணீராகக் கொட்டியது. பேரங்காடியில் பாக்கெட்டில் கிடைக்கும் தூள் இதற்குப் போதாத அளவுக்குக் கொரகொரப்பு.

அப்புறம்தான் கொட்டை வாங்கி மிக்சியில் அரைக்கலாம் என்ற யோசனை வந்தது. முதல் நாள் மெஷின் அடைத்துக்கொண்டு ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. மறுநாள் அதே மிக்சி, அதே நேரம், பழையபடி கொட்டியது. அரைத்ததை வெள்ளைத் தட்டில் பரப்பிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஒரு பக்கம் முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரி தூசி, இன்னொரு பக்கம் உடைத்த மிளகு மாதிரி துண்டுகள். மிக்சியின் பிளேடு கொட்டையை வெட்டுகிறது, எதை எத்தனை முறை வெட்டினோம் என்று அதற்குத் தெரியாது. தூசியிலிருந்து எல்லாம் சீக்கிரம் கரைந்து இறங்கிக் கசக்கும், துண்டுகள் பாதி கரைந்து புளிக்கும். இரண்டும் ஒரே கோப்பையில். கசப்பும் புளிப்பும் சேர்ந்த அந்த ருசிக்கு நான் ஒரு மாதமாக மெஷினைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரியில் இன்னொரு கூத்து. மெஷினை மூடி வைத்துவிட்டு, இத்தாலியர்கள் 1933 முதல் பயன்படுத்துகிற அந்த எட்டுமுகக் காப்பிப் பாத்திரம், மோக்கா பாட், அதை ஒரு செயலியில் பழையதாகப் பதினைந்து வெள்ளிக்கு வாங்கினேன். வீட்டுக்கு வந்து அடுப்பில் வைத்தால் அடுப்பு கண்டுகொள்ளவே இல்லை. எங்கள் வீட்டில் இண்டக்‌ஷன், பாத்திரமோ அலுமினியம். காந்தம் ஒட்டாத பாத்திரத்தை இண்டக்‌ஷன் சூடாக்காது என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், ஆனால் பதினைந்து வெள்ளிக்கு ஒரு பொருள் கிடைக்கும்போது யாருக்கு அது ஞாபகம் வருகிறது? வாங்குகிறவர்கள் அடியில் காந்தம் ஒட்டுகிற எஃகு வகையைப் பார்த்து வாங்குங்கள். என்னுடையதைக் கேஸ் அடுப்பு வைத்திருக்கும் நண்பர் எடுத்துக்கொண்டார்.

மார்ச் முதல் வாரம்தான் உருப்படியான காரியம் நடந்தது. கையால் சுற்றுகிற அரைப்பான் ஒன்று, நூறு வெள்ளிக்குச் சற்றுக் குறைவு. “கிரைண்டர் வாங்கியிருக்கேன்மா” என்று சொன்னதும் அம்மா, “இருக்கிற கிரைண்டருக்கு என்னடா கேடு, போன வாரம்கூட மாவாட்டினேனே” என்றார். பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டியபோது, “இது மிளகு அரைக்கிறதா?” என்று கேட்டுவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். உள்ளே இருப்பது நம் பாட்டி காலத்துத் திருகைதான். அங்கே மேல்கல், கீழ்கல், இங்கே கூம்பு வடிவ எஃகுப் பல்லும் அதைச் சுற்றி ஒரு வளையமும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் தூளின் பருமன், அதைவிடப் பெரிய துண்டு வெளியே வரவே முடியாது. அடியில் ஒரு திருகி, டிக் டிக் என்று ஒவ்வொரு பல்லாக இடைவெளியைக் கூட்டலாம், குறைக்கலாம். முப்பது கிராம் அரைக்க ஒன்றரை நிமிடம் ஆகிறது, தோள்பட்டைக்கு நல்லது. காலை ஆறு மணிக்குப் பக்கத்து வீட்டுச் சுவரைத் தாண்டிச் சத்தம் போகாது, வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் அது சின்ன விஷயமில்லை.

எத்தனை டிக் என்று நான் சொன்னாலும் உங்கள் அரைப்பானுக்கு அது பொருந்தாது. சமையல் கட்டு அளவில் சொல்கிறேன். நான் குடிக்கும் பேப்பர் ஃபில்டர் காப்பிக்கு டேபிள் சால்ட்டைவிடக் கொஞ்சம் பெரிதாக, மோக்கா பாட்டுக்கு நைஸ் ரவை, பித்தளை ஃபில்டருக்கு ரவைக்கும் கடலை மாவுக்கும் நடுவில். எஸ்பிரெசோவுக்குக் கடலை மாவை நெருங்க வேண்டும், என் அரைப்பான் அங்கே திணறுகிறது, நானும் திணறுகிறேன். அதோடு பதினெட்டு வெள்ளிக்கு ஒரு சின்னத் தராசு. அதுவரை கரண்டிக் கணக்குதான், குவித்துப் போட்டால் ஒன்று, தட்டிப் போட்டால் ஒன்று. ஒரே கரண்டியை ஐந்து முறை அள்ளி எடை பார்த்தேன், 5 கிராமிலிருந்து 8 கிராம் வரை வந்தது. தினமும் ருசி மாறுவதற்குப் பாலையும் தண்ணீரையும் குறை சொல்லிக்கொண்டிருந்தது எவ்வளவு அநியாயம்.

என் கோப்பை சீக்கிரம் சரியாகிவிட்டது. 15 கிராம் தூள், 240 கிராம் தண்ணீர், முதலில் நாற்பது கிராம் ஊற்றி அரை நிமிடம் விட்டால் தூள் பொங்கும். வறுத்த கொட்டைக்குள் தங்கியிருக்கும் கரியமில வாயு வெளியே போகிற அடையாளம் அது, பொங்கவே இல்லை என்றால் கொட்டை பழசு. மீதித் தண்ணீரை மெதுவாக ஊற்றி மூன்று நிமிடத்துக்குள் முடித்துவிடுவேன். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

உண்மையான பாடு மனைவியின் ஃபில்டரில்தான். மாமியார் கொடுத்தனுப்பிய பித்தளை ஃபில்டர், நல்ல கனம். நல்ல பீபெரி (பழத்துக்குள் ஒற்றையாக விளையும்) கொட்டை வாங்கிப் புதிதாக அரைத்து, ஆசையாகப் போட்டுக் கொடுத்தேன். 30 கிராமுக்கு 150 மில்லி கொதிநீர். ஆறே நிமிடத்தில் எல்லாம் கீழே இறங்கிவிட்டது. ஒரு வாய் குடித்துவிட்டு, “வாசனை நல்லா இருக்குங்க, ஆனா காப்பி எங்க?” என்றார். தூளை இன்னும் மெலிதாக்கினேன். துளை அடைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் சொட்டு சொட்டாக இறங்கி, ஆறிப்போய், கசந்தது. ஒரு வாரம் இந்த இரண்டுக்கும் நடுவே அல்லாடினேன்.

பிறகுதான் புரிந்தது, ஊரில் அந்த ஃபில்டரில் பெரும்பாலானவர்கள் வெறும் காப்பித் தூளைப் போடுவதில்லை. சிக்கரி கலந்த தூள்தான், 80-க்கு 20, 70-க்கு 30. சிக்கரியை விலை குறைக்கப் போடுகிற கலப்படம் என்றுதான் நான் நினைத்திருந்தேன், தூய காப்பி குடிக்கிறவன் என்ற மிதப்பு வேறு. சிக்கரி ஒரு செடியின் வேர். வறுத்து அரைத்தால் காப்பியைவிட நிறையவே கரையும், அதனால் டிகாக்‌ஷன் கெட்டியாகும். தண்ணீர் பட்டதும் உப்பிக்கொண்டு தூளின் இடுக்குகளை நிரப்புவதால் தண்ணீர் நிதானமாக இறங்கும். அதாவது ஃபில்டரின் குழாய் அடைப்பானே சிக்கரிதான். அந்தத் துளைகளும் அந்தக் கலவையும் ஒன்றுக்கொன்று பழகிப்போனவை. லிட்டில் இந்தியா பக்கம், தேக்காவில் தனிச் சிக்கரி நூறு கிராம் வாங்கி வந்து, கொட்டையை ரவைப் பக்கமாகவே அரைத்து, 20 சதவீதம் கலந்தேன். இருபத்தைந்து நிமிடத்தில் தொண்ணூறு மில்லி இறங்கியது. தூள் தன் எடையைப்போல இரண்டு மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், ஆக 150 ஊற்றினால் 90 வருவதுதான் சரி, பயப்பட வேண்டாம். தூளின் மேலே வைக்கும் துளைத்தட்டை, அதாவது குடையை, அழுத்தாமல் சும்மா உட்கார வைக்க வேண்டும், அழுத்தினால் மறுபடி ஒரு மணி நேரம். பித்தளை சூட்டை இழுத்துக்கொள்ளும் என்பதால் முதலில் வெந்நீரில் அலசிவிட்டுப் போடுகிறேன்.

அன்று மனைவி ஒன்றும் சொல்லவில்லை, டபராவைத் திரும்ப நீட்டினார்.

ஏப்ரலில் பகை, ஈரம். இந்த ஊர்க் காற்றில் உப்பு டப்பாவே கசியும், சிக்கரியைக் கேட்கவா வேண்டும்? கலந்து வைத்த தூள் ஐந்தே நாளில் கட்டி தட்டியது. இப்போது கலந்து வைப்பதே இல்லை, அரைத்த அன்றே கலக்கிறேன். கொட்டையைச் சின்னச் சின்ன பாட்டில்களில் நான்கு நாளுக்கு ஒன்றாகப் பிரித்து ஃப்ரீசரில் போட்டுவிடுகிறேன். பெரிய டப்பாவாக வைத்துத் தினமும் திறந்தால் குளிர்ந்த கொட்டையின் மேல் காற்றின் ஈரம் பனியாகப் படியும், அது ஃப்ரீசரில் வைக்காததைவிட மோசம். எடுத்த பாட்டிலை மூடியபடியே வெளியில் வைத்து, சூடு சமமான பிறகு திறக்க வேண்டும். இரவு எடுத்து மேசையில் வைத்துவிட்டுத் தூங்கப் போகிறேன். தூளாக வாங்குகிறவர்கள் பாக்கெட்டைத் திருப்பி அடைத்த தேதியைப் பாருங்கள். நான் ஒருமுறை ஒரு கடையில் பார்க்காமல் வாங்கி, வீட்டில் வந்து பார்த்தால் பதினோரு மாதம் ஆகியிருந்தது.

அம்மா இந்த ஆட்டத்தில் சேரவே இல்லை. என் புதுக் கொட்டையில் போட்டுக் கொடுத்த காப்பியை, “புளிக்குதுடா” என்று தள்ளிவைத்தார். அவர் சொன்னது சரிதான். காப்பிக்கடைத் தூள் வேறு ஜாதி. பெரும்பாலும் ரொபஸ்டா, சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துக் கருக வறுப்பது, அந்தக் கருகலும் இனிப்பும்தான் ருசியே. அந்தக் கொட்டையை என் அரைப்பானில் போட்டால் பல்லெல்லாம் பிசுபிசுத்துப் போகும், அதனால் தூளாகவே வாங்கிவிட்டேன். கூடவே நாலு வெள்ளிக்கு நீளத் துணி வடிகட்டி. சோப்புப் போடாமல் வெந்நீரில் மட்டும் அலச வேண்டும், இல்லையென்றால் அடுத்த கோப்பை சோப்புக் கோப்பி. தூளைத் துணியில் போட்டு, கொதிநீர் ஊற்றி, இரண்டு குவளைக்கு நடுவில் மாற்றி மாற்றி நான்கு முறை. மொத்தச் செலவு பத்து வெள்ளிகூட இல்லை. அம்மா வாங்கிக் குடித்துவிட்டு, “கீழே இருக்கிற அங்கிள் இன்னும் காவ்வா போடுவார்” என்றார். காப்பிக்கடைப் பேச்சில் ‘காவ்’ என்றால் கெட்டி. தூளைக் கூட்டியிருக்கிறேன்.

மெஷினைப் பாதி விலைக்கு விற்றாயிற்று. இப்போது அடுப்பு மேடையில் இருப்பது அரைப்பான், தராசு, பித்தளை ஃபில்டர், பேப்பர் ஃபில்டர் வைக்க ஒரு பீங்கான் கூம்பு, கொடியில் தொங்கும் துணி வடிகட்டி. யாராவது கேட்டால், கையில் நூற்றைம்பது வெள்ளி இருந்தால் நூறை அரைப்பானுக்குக் கொடுங்கள் என்றுதான் சொல்வேன். மீதிக்கு எஃகு ஃபில்டரே போதும், பித்தளை ஆசைக்குத்தான்.

பாக்கி ஒன்று இருக்கிறது. மனைவிக்குத் தெரியாமல் சிக்கரியை இருபதிலிருந்து பதினைந்தாக, பிறகு பத்தாகக் குறைத்துப் பார்த்தேன், காப்பி வாசனை இன்னும் தூக்கலாக வருமே என்று. பதினைந்தில் ஒன்றும் சொல்லவில்லை. பத்தில், “பால் மாத்திட்டீங்களா?” என்று கேட்டார். ஆக இப்போதைக்குப் பதினைந்து. பன்னிரண்டைப் பார்க்கலாம் என்று நேற்று சிக்கரிப் பாக்கெட்டை எடுத்தால், யாரோ ரப்பர் பேண்ட் போடாமல் விட்டதில் கல்லாக இறுகிக் கிடக்கிறது. சனிக்கிழமை தேக்காவுக்குப் போக வேண்டும்.