நாக்கில் சென்சார் ஒட்டி ‘வாழைப்பழம்’ சொன்ன அனுபவம்

பேசும்போது நாக்கு எப்படி அசைகிறது என்று காந்தப்புலத்தால் அளக்கும் ஆய்வுக்கு, சிங்கப்பூரில் வளர்ந்த தமிழர்கள் தேவை என்று தங்கை மகள் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். போய்வந்தேன். போக நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் கேள்விகள். பேஸ்மேக்கர் இருந்தால் அப்போதே நன்றி சொல்லி அனுப்பிவிடுவார்கள். கடிகாரம், சங்கிலி எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். எம்ஆர்ஐ மாதிரி குழாய்க்குள் தள்ளுவார்களோ என்று பயந்திருந்தேன். இல்லை, சாதாரண நாற்காலிதான். தலைக்கு மேல் ஒரு சட்டத்தில் கம்பிச்சுருள்கள். ஒவ்வொன்றும் வெவ்வேறு அதிர்வெண்ணில் மெல்லிய காந்தப்புலம் உண்டாக்கும். நாக்கில் ஒட்டுவதும் குட்டிக் கம்பிச்சுருளே. அதில் தூண்டப்படும் மின்னழுத்தத்தை வைத்து, அது எங்கே இருக்கிறது, எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று கணினி நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை கணக்குப் போடுகிறது.

அங்கே இருந்த நேரத்தில் பெரும்பங்கு ஒட்டுவதற்கே போனது. நாக்கைத் துணியால் பிடித்து, எச்சிலை ஒற்றி எடுத்து, காயத்தை மூடப் பயன்படும் மருத்துவப் பசையால் ஒட்டினார்கள்: நுனிக்குக் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் உள்ளே ஒன்று, நடுவில் ஒன்று, பின்னால் ஒன்று. வலி இல்லை. ஆனால் பின்னால் ஒட்டும்போது குமட்டும், அதைச் சொல்லிவிட வேண்டும். “மூக்காலயே மூச்சு விடுங்க அண்ணா” என்று உதவியாளர் பெண் சொல்லிக்கொண்டே இருந்தார். அப்புறம் உதடுகள், தாடை அசைவுக்காகக் கீழ்ப்பல் ஈறு. மூக்குத்தண்டிலும் காதுக்குப் பின்னாலும் ஒட்டுவது, தலை ஆடுவதைக் கணக்கிலிருந்து கழிக்க.

உடனே பதிவு தொடங்கவில்லை. வாய் பழகட்டும் என்று சும்மா பேசவிட்டார்கள். தேக்கா சந்தை மீன் விலையைப் பேசினோம். ‘த’வும் ‘ச’வும் முதலில் கொழகொழத்தன, பிறகு நாக்கே சமாளித்துக்கொண்டது. நடுவில் ஒரு சென்சார் கழன்றது. எச்சிலின் வேலை. மறுபடி ஒட்டினால் அச்சாக அதே இடத்தில் அமையாது என்பதால் சில சொற்களைத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

முடிந்ததும் திரையைக் காட்டினார்கள். அண்ணத்தின் வளைவை முன்பே ஒரு சென்சாரால் வருடிப் பதிந்திருந்தார்கள். ‘ல’வுக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால் முட்டுகிறது. ‘ள’வுக்குப் பின்வாங்கி மேலே போய் முட்டுகிறது. ‘ழ’வுக்கும் பின்வாங்கியது, ஆனால் முட்டாமல் நின்றது. வேகமாகச் சொன்ன ‘வாழைப்பழ’த்தில் மட்டும் இரண்டாவது ‘ழ’ கிட்டத்தட்ட ‘ள’ ஆகிவிட்டது! ஒட்டிய புள்ளிகள் மட்டுமே இதில் தெரியும், நாக்கின் ஓரங்கள் தெரியாது. 1999இல் பேச்சொலி ஆய்வாளர் ஸ்ரீகாந்த் நாராயணன் குழுவினர் தமிழின் ர, ற, ல, ள, ழ ஐந்தையும் ஆராய்ந்தபோது இந்த முறையோடு எம்ஆர்ஐயையும் சேர்த்துக்கொண்டார்கள். காரணம் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

கழற்றுவது சுலபம், மெல்ல இழுத்தால் வந்துவிடும். மிச்சப் பசை தானாக உரியும். போகுமுன் நன்றாகச் சாப்பிட்டுவிடுங்கள், நடுவில் எதையும் மெல்ல முடியாது. அன்று இரவு காரமான சம்பல் வேண்டாம், தயிர்சாதம் போதும்.