கறிப் பொதி

12 ஜனவரி 2025

பங்காளிகள் எல்லோரும் கூடிப் பேசினோம். தை 20, ஞாயிற்றுக்கிழமை குலசாமிக்குப் பூசை. இரண்டு கிடா. போன வருடம் போலவே மலையில் தண்ணீர் இல்லை, சமைக்க முடியாது. கிடா தன் காலில் ஏறிவிடும், கறியைத்தான் ஆறு கிலோமீட்டர் நாம் சுமந்து இறக்க வேண்டும்.

போன வருடம் நடந்ததை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. உரித்த சூட்டோடு கறியை யூரியா சாக்கில் போட்டு, வாயைக் கட்டி, அக்கா மகன் தோளில் ஏற்றினோம். இறக்கத்தில் சாக்கு ஒரு பக்கம் ஆடியது, அவனும் கூடவே சாய்ந்தான். கணுக்கால் சுளுக்கி ஒரு மாதம் நொண்டினான். வீட்டுக்கு வந்து சாக்கைப் பிரித்தால் புளித்த வாடை. பாதிக் கறியைக் குழி தோண்டிப் புதைத்தோம். சாமிக்கென்று கொடுத்த உயிர் அது. ஆயா அன்று ஒன்றும் பேசாமல் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். இந்த முறை அப்படி நடக்க விடமாட்டேன்.

15 ஜனவரி, மாட்டுப் பொங்கல்

கனடாவில் இருக்கும் சித்தப்பா மகன் பொங்கலுக்குப் பேசினான். அங்கே உரிமம் வாங்கிக்கொண்டு, பருவம் திறந்திருக்கும்போது மூஸ் என்கிற பெரிய மானை வேட்டையாடப் போகிறவர்களோடு அவனும் போவான். நன்கு வளர்ந்த கடா மூஸ் 500 கிலோவைத் தாண்டும். பின்னந்தொடை ஒன்றே ஒரு ஆள் சுமை. (இங்கே காட்டு விலங்கைத் தொட்டால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அது சரியும்கூட. எனக்கு வேண்டியது அவர்கள் சுமக்கும் விதம் மட்டும்தான்.)

போனை வைத்துவிட்டு ஒரு படம் அனுப்பினான். முதுகில் ஏணி மாதிரி ஒரு சட்டம், அடியில் வெளியே நீட்டிய ஒரு தட்டு. கறி அந்தத் தட்டில் உட்காரும், கயிறு அதைச் சட்டத்தோடு இறுக்கும், எடை இடுப்புப் பட்டையில் இறங்கும். "பை பெரிசா இருக்கிறது முக்கியம் இல்லண்ணா. கறிக்கும் உன் முதுகுக்கும் நடுவுல இடைவெளி இருக்கக் கூடாது. நாலு விரல் தள்ளிப் போனாலே அது உன்னைப் பின்னால இழுக்கும்" என்றான்.

19 ஜனவரி

காலையில் போச்சம்பள்ளிச் சந்தை. 28 கிலோவில் ஒன்று, 26 கிலோவில் ஒன்று பிடித்தோம். கறி பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் நிற்கும், எப்படியும் 25 கிலோ என்று கணக்குப் போட்டுக்கொண்டேன்.

மத்தியானம் பட்டறையில் சட்டம். அலுமினியம் பற்றவைக்க என்னிடம் மிஷின் இல்லை. முக்கால் அங்குல இரும்புப் பைப், 18 கேஜ் கனம். உயரம் 75 சென்டிமீட்டர், அகலம் 35, குறுக்கே நான்கு கம்பி. மொத்தம் நாலு மீட்டர் போயிற்று, எடை இரண்டு கிலோவுக்கு மேல். முதுகு படும் இடத்தில் கட்டில் நாடாவை முறுக்காக இழுத்துப் பின்னினேன், இரும்பு உறுத்தாது, காற்றும் போகும். இடுப்புப் பட்டைக்குக் காயலான் கடையில் பழைய கார் சீட் பெல்ட் கிடைத்தது. பக்கத்துக்கு மூன்று கொக்கிகள் வைத்தேன். கொக்கி முனையை உள்பக்கம் வளைத்து அரம் போட்டுத் தேய்க்கவே ஒரு மணி நேரம் ஆனது, இல்லாவிட்டால் துணியைக் கிழித்துவிடும்.

23 ஜனவரி

25 கிலோ கேழ்வரகு மூட்டையை வைத்துக் கட்டி ஏரிக்கரையில் நடந்தேன். முதலில் மூட்டையைத் தட்டிலேயே உட்கார வைத்தேன். கனம் பின்னிடுப்பில் தொங்கியது, குனிந்து குனிந்துதான் நடக்க முடிந்தது. அப்புறம் அடியில் ஒரு மடித்த சாக்கைக் கொடுத்து மூட்டையை ஒரு சாண் உயர்த்தினேன். அதே 25 கிலோதான். முதுகு நிமிர்ந்தது, தோளில் விரல் விட்டுப் பார்த்தால் வார் லேசாக இருந்தது. கனம் மொத்தமும் இடுப்பெலும்பில் உட்கார்ந்திருக்கிறது. சும்மாடு வைத்துத் தலையில் சுமக்கிறவர்கள் நிமிர்ந்தே நடப்பது ஏன் என்று இன்றைக்குத்தான் உடம்பால் புரிந்தது.

சமதளத்துக்கு இது சரி. இறக்கத்துக்கு?

26 ஜனவரி

அந்தச் சந்தேகத்தோடு கோட்டூர் மலைப் பக்கம் கழுதை வைத்திருந்த ஒரு பெரியவரைப் பார்க்கப் போனேன். வாக்கு இயந்திரங்களே கழுதை முதுகில் ஏறிப் போன மலை அது. என் சட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொக்கிகளைப் பிடித்து ஆட்டினார்.

"ஏத்தத்துல பொதி பின்னால இழுக்கும், அது தெரிஞ்ச சங்கதி. இறக்கத்துலதான் அது உன்னை முந்தப் பாக்கும். கழுதைக்கு வாலுக்கு அடியில ஒரு கயிறு போடுறது எதுக்கு? முன்னால சரியாம இருக்கத்தான். உனக்கு வால் இல்ல, அதனால பொதியக் கொஞ்சம் இறக்கிக் கட்டு சாமி."

ஏரிக்கரையில் ஒரு சாண் தூக்கினேன் அல்லவா, இறக்கத்துக்கு அதில் பாதி போதும் என்று கையால் அளந்து காட்டினார். நைலான் கயிற்றைப் பார்த்ததும் முகம் சுளித்தார். நனைந்தால் நீளும், முடிச்சும் வழுக்கும். பருத்திக் கயிறு நனைந்தால் இறுகும் என்றார். கறியில் ஈரம் கசியும், ஆக பருத்திதான்.

1 பிப்ரவரி

பழைய நாலு முழ வேட்டிகளைக் கொதிநீரில் அலசிக் காயவைத்து, நான்கு பைகளாக அக்கா தைத்துக் கொடுத்தார். பிளாஸ்டிக் கவர் எதுவும் கறியைத் தொடாது. என் முதுகுக்கும் நாடாவுக்கும் நடுவில் மட்டும் ஒரு தார்ப்பாய்த் துண்டு.

2 பிப்ரவரி, தை 20

விடியும்போதே பூசை முடிந்தது. தலை பூசாரிக்கு. குடலும் ஈரலும் மச்சான் கையில் தூக்குவாளியில் போயிற்று.

மாமா உடனே கிளம்பச் சொன்னார், வெயில் ஏறிவிடும் என்று. நான் ஒத்துக்கொள்ளவில்லை. பெரியவர்களிடம் நான் அப்படிப் பேசுவதில்லை, ஆனாலும் இன்று பேசினேன். பின்சந்து (பின்னந்தொடை), முன்சந்து (முன்னங்கால் கறி), விலா எல்லாவற்றையும் புங்கமர நிழலில் கிளைகளில் தொங்கவிட்டோம். மலைக்காற்று சில்லென்று அடித்தது. இரண்டு மணி நேரம். உள்ளங்கையைத் தொடைக்கறியின் மேல் வைத்துப் பார்த்தேன். சூடு போயிருந்தது. மேலே வெங்காயச் சருகு மாதிரி ஒரு மெல்லிய காய்ந்த தோல். விரலில் ஈரம் ஒட்டவில்லை. ஈ உட்கார்ந்தாலும் நிற்கவில்லை. அப்புறம்தான் பையில் போட்டேன்.

கட்டிய விதம்: நான்கு பின்சந்தும் முதுகை ஒட்டி, கனத்த பக்கம் மேலே, எலும்புப் பக்கம் கீழே. பெரியவர் காட்டிய அளவுக்குச் சாக்கை மடித்து அடியில் கொடுத்தேன். முன்சந்துகளும் விலாவும் வெளிப்பக்கம். முதலில் தட்டுக்கு அடியிலிருந்து மேலே ஒரு சுற்று. அப்புறம் மூலைக்கு மூலை பெருக்கல் குறி போல இரண்டு. கடைசியாகக் குறுக்கே, லாரியில் தார்ப்பாய் கட்டுகிறவர்கள் போடும் முடிச்சு. கயிற்றின் நடுவில் ஒரு கண்ணி, நுனி கொக்கியைச் சுற்றி வந்து அந்தக் கண்ணி வழியாகக் கீழே வரும். இழுத்தால் கப்பி மாதிரி இறுகும். சட்டத்தைப் பிடித்துக் குலுக்கினேன், கறி தனியாக ஆடவில்லை.

ஆனாலும் அரைக் கிலோமீட்டர் போனதும் வலப்பக்கம் ஏதோ "தொப், தொப்" என்று தட்டியது. நின்று இறக்கினேன். கறி கேழ்வரகு மாதிரி இல்லை, நடக்க நடக்க அமுங்குகிறது. கயிற்றுக்குள் இரண்டு விரல் நுழைந்தது. எல்லா முடிச்சையும் அவிழ்த்து மறுபடி இறுக்கினேன். இதைக் கனடாத் தம்பி சொல்லவில்லை, கேட்காமல் விட்டதும் நான்தான். அதற்குப் பிறகு ஒரே ஒரு முறைதான் லேசாக இழுக்க வேண்டியிருந்தது.

போன வருடம் அக்கா மகன் விழுந்த பாறை வந்தது. அவனே முன்னால் போய் நின்று கை நீட்டினான். பக்கவாட்டில் திரும்பி ஒவ்வொரு காலாக வைத்தேன். பொதி என்னோடுதான் திரும்பியது.

பத்தே முக்காலுக்கு வீடு. தராசில் கறி 24 கிலோ 700 கிராம். முதல் பையை ஆயா தானே அவிழ்த்தார். குனிந்து முகர்ந்து பார்த்தார். "மஞ்சள் எடுத்துக்கிட்டு வா" என்று அக்காவிடம் சொன்னார்.

3 பிப்ரவரி

இடுப்பெலும்பின் இரண்டு பக்கமும் ரூபாய் அளவுக்குச் சிவந்திருக்கிறது. பட்டையின் உள்ளே இன்னும் ஒரு மடிப்பு பஞ்சு வைக்க வேண்டும். தட்டை இரண்டு அங்குலம் குறைக்கலாம், பின்னால் நீட்டியது செடியில் மாட்டியது. பைகளைத் துவைத்துக் கொடியில் போட்டாயிற்று. கோட்டூர்ப் பெரியவருக்கு ஒரு தூக்கில் குழம்பு எடுத்துக்கொண்டு நாளைக்குப் போகிறேன்.